வாத்திடம் பேசுவது பைத்தியமல்ல என்று ஒரு சான்றிதழ் வேண்டி

மிகுந்த மரியாதைக்குரிய ஹெலன் டீச்சர் அவர்களுக்கு,

குட்டநாடு புளிங்குன்னிலிருந்து தங்களுடைய மாணவன் தொம்மிச்சன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் கடலுக்கு அப்பால் சுகமாக இருக்கக் கர்த்தர் ஈசோவை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முழங்கால் நலம், ரத்தக் கொதிப்பு நலம், தலை மட்டும் விசாரணையில் இருக்கிறது.

முதலில் மன்னிப்பு. தங்கள் நெட் வகுப்பின் கேள்விப் பகுதியில் "சுருக்கமாகக் கேட்கவும்" என்று போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சுருக்கம் வராது. தபாலில் விரிவாக எழுதலாமென்றால் அது உங்கள் கைக்கு வருமுன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், ஞாயிறு வந்தால் காரியம் சட்டிக்குள் போய்விடும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். கலங்கிய மனசுக்கு ஆங்கிலம் ஒத்துழைக்கவில்லை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எங்கள் ஊர் நர்ஸ் ஒருத்தியாவது இல்லாமல் இருக்க மாட்டாள். அவளைக் கூப்பிட்டு வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் சிரித்தால் கண்டியுங்கள்.

நான் இங்கே படகுத்துறையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் படகு எப்போது வரும், எது தாமதம், எது வராது என்று மைக்கில் சொல்வது என் வேலை. நான் சொல்லி முடித்த மறு நிமிஷமே ஒருத்தர் ஜன்னலில் தலையை நீட்டி, "சேட்டா, படகு எப்போ?" என்று கேட்பார். காலம் பூராவும் அப்படியே போயிற்று. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, குழம்பில் புளி அதிகம், கதவில் எண்ணெய் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் யாரும் கேட்கவில்லை. கோட்டயத்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் டின்டுதான் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, "அப்பச்சா, அம்மச்சியைப் போட்டுப் படுத்தாதீங்க. ஏதாவது படிங்க. எல்லாம் நெட்ல சும்மாவே கிடைக்குது" என்றாள். அப்படித்தான் தங்கள் கம்ப்யூட்டர் வகுப்பில் வந்து சேர்ந்தேன். ஞானோபதேச வகுப்புக்குப் பிறகு நான் காசு கொடுக்காமல் படித்தது இது ஒன்றுதான். தாங்கள் வேகமாகப் பேசுகிறீர்கள், அதனால் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டேன். பாதி வேகத்தில் தாங்கள் மூன்று குப்பி கள்ளு உள்ளே போனவர் மாதிரி பேசினீர்கள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி திரேசியாம்மா, "ஈசோயே, பாவம், டீச்சர் வேலை பார்க்கிற பொம்பளை இப்படியா குடிக்கிறது?" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். இல்லையென்று விளக்கியிருக்கிறேன். அவள் முழுதாக நம்பவில்லை.

அப்புறம் வந்தது அந்தப் பாடம். தாங்கள் மேசைமேல் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, "எழுதிய புரோகிராமில் தவறு எங்கே என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறீர்களா? ஒரு வாத்தை எதிரே வைத்து, வரிவரியாக அதற்கு விளக்கிச் சொல்லுங்கள். சொல்லும்போதே தவறு உங்களுக்குத் தெரிந்துவிடும்" என்றீர்கள். ரப்பர் வாத்துக்கு நான் ஆலப்புழை முழுக்க அலைந்தேன். ஒரு கடையில் தவளை இருந்தது, இன்னொன்றில் ஆமை இருந்தது, வாத்து இல்லை. அப்போதுதான் உறைத்தது. குட்டநாட்டுக்காரன் ஒருத்தன் வாத்துக்கு ஆலப்புழைக்கு பஸ் ஏறுவதா? வீட்டுக் கூட்டில் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கிறது. ரப்பருக்கே இவ்வளவு பலன் என்றால் உயிருள்ளதற்கு எவ்வளவு இருக்கும்! எங்கள் வீட்டில் நெட் சரியாகக் கிடைப்பதும் வாத்துக் கூட்டுப் பக்கம்தான். கூட்டிலிருந்ததில் கொஞ்சம் அறிவுக்களை தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குருபக்தியினால் அதற்கு ஹெலன் என்று பெயர் வைத்தேன். தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயரைப் பற்றி இன்னொரு விஷயமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன், அதையும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசி வீட்டுப்பாடத்துக்கு "உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரு புரோகிராம்" என்றீர்கள். எனக்குத் தெரிந்தது படகு. அடுத்த படகு எப்போது என்று கேட்டால் கம்ப்யூட்டரே சொல்கிற மாதிரி எழுதினேன். எல்லாப் படகும் வந்தது, சாயங்காலம் ஆலப்புழையிலிருந்து வரும் கடைசிப் படகு மட்டும் வரவே இல்லை. கேட்டால் கம்ப்யூட்டர் நாளைக் காலைப் படகைச் சொல்கிறது. ஜனங்கள் ராத்திரி முழுக்கத் துறையிலேயே நிற்க வேண்டியதுதான். ஹெலனை உட்காரவைத்து, முன்னால் கொஞ்சம் சோறு போட்டு, விளக்கத் தொடங்கினேன். ஹெலன் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பார்வையில் நமக்கே ஒரு சந்தேகம் வரும் டீச்சர். அந்த வரியைத் திரும்பப் படித்தால் தவறு அங்கேதான் இருக்கும். இப்படியே பல தவறுகளைத் தீர்த்துவிட்டோம். இந்தக் கடைசிப் படகு ஒன்றுதான் பாக்கி.

அன்று என் கெட்ட நேரம், கூட்டுக்கு மேலே தென்னையில் சுகுணன் கள்ளு இறக்கிக்கொண்டிருந்தான். நான் கீழே ஹெலனிடம், "படகு வந்ததா? வந்தா ஏறு. வரலையா? மறுபடி கேளு. வந்ததா? வரலையா? மறுபடி கேளு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் பாதி மரம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டான்.

"சேட்டா, யாருகிட்ட பேசறீங்க?"

"ஹெலன்கிட்ட."

"எங்க இருக்காங்க?"

"இதோ, சோறு தின்னுக்கிட்டிருக்கே."

அவன் ஹெலனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இடுப்பில் தொங்கிய குடுவையை மோந்து பார்த்தான். "இன்னிக்கு நான் ஒரு சொட்டுகூட வாயில விடலையே!" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்தைத் தொடாமலே போய்விட்டான். விளக்கு வைக்கும் முன் சேதி கள்ளுக்கடைக்குப் போய், அங்கிருந்து அக்கரைக்குப் போய், மாதா கோயிலுக்கும் போய்விட்டது. மறுநாள் கோயில் சாமியார் விகாரி அச்சன் தன் பூசைத் தண்ணீரோடு வந்து நின்றார். என் தலையில் தெளித்தார், நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். ஹெலன்மேல் தெளித்தார். வாத்துக்குத் தண்ணீர் என்றால் சொல்ல வேண்டுமா? இறக்கையை உதறிக்கொண்டு இன்னும் வேண்டுமென்று அச்சன் காலடிக்கே ஓடி வந்துவிட்டது. "பிசாசா இருந்தா ஓடணும். இது கிட்ட வருதே" என்று அச்சனே குழம்பிப்போய், ஒரு சாயா மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பிசாசு இல்லை என்று ஆனதும் மீதி இருப்பது பைத்தியம்தானே? அதற்கு வந்தவர் திரேசியாம்மாவின் அண்ணன் குரியச்சன். போலீஸில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தவர், இன்னும் சட்டைப்பையில் விசிலை வைத்திருக்கிறார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் நின்றுகொண்டார்.

"அளியா, உண்மையைச் சொல்லு. வாத்துகிட்ட பேசச் சொல்லி யாரு சொல்லிக்கொடுத்தது?"

"அமெரிக்காவுல ஒரு டீச்சர்."

"பார்த்திருக்கியா?"

"வீடியோவுல."

"எவ்வளவு பிடுங்கினாங்க?"

"ஒரு பைசா வாங்கல. இலவசம்."

குரியச்சன் தங்கையைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா? காசு வாங்கியிருந்தா மோசடின்னு ஒரு கேஸ் போட்டுப் பார்க்கலாம். காசே வாங்காம ஒருத்தி அங்கேயிருந்து இவனுக்குப் பாடம் எடுக்கிறாளாம். அப்போ டீச்சர்னு ஒருத்தி இல்லவே இல்ல, எல்லாம் இவன் மண்டைக்குள்ள" என்றார். டீச்சர், தாங்கள் இருக்கிறீர்கள் என்று நிரூபிக்கவே எனக்கு அரை நாள் ஆகிவிட்டது. கடைசியில் தாங்கள் பேசுகிற வீடியோவைப் போட்டுக் காட்டினேன். என் கெட்ட நேரம், அது பாதி வேகத்திலேயே நின்றிருந்தது.

இதெல்லாம் என்னோடு போனால் நான் கவலைப்பட மாட்டேன். டின்டுவுக்குப் பாலா என்ற ஊரிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது. ரப்பர்த் தோட்டக்காரர்கள், பையன் துபாயில் கணக்கர். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். நேற்று தரகர் போன் செய்து, "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு விஷயம் கேட்கச் சொன்னாங்க. பொண்ணோட அப்பன் வாத்துகிட்ட பேசுவாராமே? வாத்தும் பதில் பேசுமா?" என்று கேட்டார். அவர்கள் பெண்ணைப் பார்க்க வருகிறார்களா, என்னைப் பார்க்க வருகிறார்களா என்றே இப்போது தெரியவில்லை. என் மகளுக்கு என்னால் ஒரு குறை வந்தால் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருப்பேன்?

குரியச்சன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஞாயிறன்று ஹெலனையே வறுத்து விருந்தாளிகளுக்குப் போட வேண்டுமாம், அதை நான் அவர்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டுமாம். சாப்பிட்டால் புத்தி சரி. மாட்டேன் என்றால் திங்கட்கிழமை சங்கனாசேரியில் டாக்டர். திரேசியாம்மாவும், "இச்சாயா, பாலாக்காரங்களுக்கு வாத்து வறுக்காம அனுப்பினா குட்டநாட்டுக்கே கேவலம். கூட்டுல இருக்கிறதுல கொழுத்தது அதுதான், நீங்கதானே சோறு போட்டு வளர்த்தீங்க" என்கிறாள். பெயர் விஷயம் என்றேனே, அது இதுதான்: அக்கரையில் இருக்கும் தன் தங்கையைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை ஹெலனை அறுக்கிறோம், காலையிலேயே வந்துடு!" என்று தண்ணீருக்கு மேலாகக் கூவுகிறாள். கேட்கும்போதெல்லாம் தங்களை நினைத்து எனக்கு உடம்பு பதறுகிறது.

வாத்து தின்னாதவன் இல்லை நான். ஆனால் டீச்சர், நான் சொல்வதை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை எழுந்து போகாமல் கேட்ட ஒரே ஜீவன் அது. அதன் முகம் எனக்கு அத்துப்படி. ஆயிரம் வாத்துக்கு நடுவில் விட்டாலும் அந்தக் கண்ணைக் கண்டுபிடித்துவிடுவேன். அதை என்னால் தின்ன முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் தயவு செய்து, தங்கள் கல்லூரித் தாளில், "மேற்படி தொம்மிச்சன் மேற்படி வாத்திடம் பேசுவது படிப்பின் ஒரு பகுதியே, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, படமெடுத்து சனிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முத்திரை கட்டாயம் வேண்டும். வட்ட முத்திரையாக இருக்கட்டும், நீள முத்திரையைக் குரியச்சன் நம்புவதில்லை. படிப்பை முடித்ததற்கான சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று பார்த்தேன். அது எனக்கு வேண்டாம். பைத்தியமில்லை என்பதற்கு ஒன்று இருந்தால் போதும்.

தங்கள் குரலும் தங்கள் ஊர் நெட்டும் ஒருநாளும் தடைப்படாதிருக்க, பரிசுத்த மாதா தங்களுக்குத் துணையிருக்கட்டும். வகுப்பில் தங்களுக்கு உதவியாக இருக்கும் அந்தத் தாடிக்காரத் தம்பிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், கொஞ்சம் சாப்பிடவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்,
தொம்மிச்சன்

பி.கு.: அனுப்புமுன், மனமிளகுவாள் என்று நினைத்து, இதைத் திரேசியாம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் வாத்துக்கு நடுவில் என்ற இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இச்சாயா, ஹெலன் ஈஸ்டருக்கே போயாச்சு."

"எங்கே?"

"சட்டிக்கு. நீங்கதான் நல்லா இருக்குன்னு ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினீங்க. அதுக்கப்புறம் ஒண்ணு, டின்டு வந்தப்போ. இது மூணாவது."

நான் கூட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்போ இத்தனை நாளா நான் சொன்னதையெல்லாம் கேட்டது யாருடி?" என்றேன்.

"நான்தான். தினமும் இந்த நேரத்துக்கு இங்கதானே மீன் தேய்க்கிறேன்? ஒரு எழவும் புரியாது. ஆனா கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். அது போகட்டும், அந்தக் கடைசிப் படகு ஏன்தான் வரமாட்டேங்குது? எனக்கு ராத்திரி அதே நெனப்பா இருக்கு."

எந்த வாத்தும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை டீச்சர். நான் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து அவளுக்குச் சொன்னேன். பாதியில் எனக்கே தெரிந்துவிட்டது: படகுகளை எண்ணிக்கொண்டு போகும்போது, கடைசிக்கு முந்தின படகோடு நிறுத்தச் சொல்லி நானே எழுதியிருந்தேன். திருத்தினேன். படகு வந்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு பாடு!" என்றாள், ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் எதை எதையோ பேசிக்கொண்டிருந்தோம், மீனைப் பூனை கொண்டுபோனதுகூடத் தெரியவில்லை. பாலாக்காரர்களைப் பற்றிக் கேட்டதற்கு, "நான் சொல்லிக்கிறேன். இவர் என்கிட்டதான் பேசிட்டிருந்தார், வாத்து நடுவுல வந்து உட்கார்ந்துடுச்சுன்னு" என்றாள்.

இதையெல்லாம் குரியச்சன் படகிலிருந்து இறங்கி, படித்துறையில் நின்று பார்த்துவிட்டார். கிட்டேகூட வரவில்லை. "இவங்க கல்யாணம் ஆனதிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்தாப்பல இத்தனை நேரம் பேசி நான் பார்த்ததே இல்ல. இப்போ தங்கச்சிக்கும் தொத்திக்கிச்சு" என்று அங்கிருந்தே டின்டுவுக்குப் போன் போட்டுவிட்டு, வந்த படகிலேயே திரும்பிப் போய்விட்டார். திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் இரண்டு பேருக்குச் சீட்டு வாங்கியிருக்கிறாராம்.

ஆகையால் சான்றிதழ் அவசியம் வேண்டும். மற்றதெல்லாம் மேலே எழுதியபடியே இருக்கட்டும். "வாத்து" என்று வரும் இடத்தில் மட்டும் "மனைவி" என்று திருத்தி அனுப்பவும்.