ஒட்டுமில்லை உறவுமில்லை

இன்ஷாப் தேநீரில் முதல் மிடறு குடிப்பதற்குள் நிஷ்மியாவுக்கு மச்சான் முறையாகிவிட்டார்.

அவர் வந்ததென்னவோ நேர்முகத்துக்கு. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சாக்குக் கடையின் மேல்மாடியில் இயங்கும் சிறுவர் நலன் அபிவிருத்தித் திட்டத்துக்கு மதிப்பீட்டு ஆலோசகர் ஒருவர் தேவைப்பட்டார். இன்ஷாப் அழகாகத் தமிழ் பேசினார், அதைவிட அழகாகச் சிங்களம் பேசினார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். திட்ட இணைப்பாளர் நிஷ்மியாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. "நீங்களே செய்யுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸுபைதா மாமி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார்.

மாமிக்கு அந்த அலுவலகத்தில் சமையலும் தேநீரும் பொறுப்பு. மற்றப் பொறுப்புகளை அவராகவே எடுத்துக்கொண்டார். நிஷ்மியாவின் உம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவர். உம்மா மௌத்தாகும்போது, "இவளப் பாத்துக்க" என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். மாமியும் பார்த்துக்கொண்டார், கொஞ்சம் அதிகமாகவே. வாரத்துக்கு ஒரு மாப்பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கத் தொடங்கியதும் நிஷ்மியா பொறுமை இழந்தாள். "இனி இந்தக் கந்தோருக்குள்ள கலியாணப் பேச்சு எடுக்கவே கூடாது" என்று கட்டளை போட்டாள். மாமி அன்றிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது நடந்து இரண்டு வருடம் இருக்கும்.

"சீனி காணுமா மகன்?" என்றார் மாமி இன்ஷாப்பிடம்.

"காணும் மாமி."

"ஊரெங்க?"

"வறக்காமுறை."

"உம்மாட பேரு? ஒங்களுக்குப் பிள்ளைகள் எத்தன பேரு?"

இன்ஷாப் உம்மாவின் பெயரைச் சொன்னார். மூன்று பிள்ளைகள் என்றார். மாமி மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று நிஷ்மியாவைக் கண்ணால் கூப்பிட்டார்.

"மகள், இவர் ஒனக்கு மச்சான் முறையெல்லோ!"

"என்ன மாமி சொல்றீங்க?"

"ஒன்ட வாப்பாட சாச்சாட மகளக் கட்டினவர்ட தங்கச்சிதான் இவர்ட உம்மா. எனக்குத் தெரியாதா?"

நிஷ்மியா அப்படியே சுவரில் சாய்ந்தாள். மாத்தளையில் அவளுக்கு யார் உறவில்லை? பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புவதென்றால் பாதி டவுனுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் நிதி தரும் நிறுவனத்தின் கொழும்புப் பிரதிநிதி தனுஷா கறாராகச் சொல்லியிருந்தார். மதிப்பிடுபவருக்கும் திட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் எந்த உறவும் இருக்கக் கூடாது. மாத முடிவுக்குள் அறிக்கை வராவிட்டால் நாவுலையிலும் வில்கமுவையிலும் உள்ள சிறுவர் நிலையங்கள் இரண்டையும் மூட வேண்டியதுதான். மூடினால், வயலுக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை வரப்பில் உட்கார்த்தி வைத்துவிட்டுத்தான் நாற்று நட வேண்டும். ஒரு வேளைச் சூடான சாப்பாடும் போய்விடும். அதை நினைத்தாலே நிஷ்மியாவுக்குத் தூக்கம் வராது.

இன்ஷாப்பை மரியாதையாக அனுப்பிவைத்தாள். "நல்ல வேளை மாமி, நீங்க இருந்தீங்க" என்றாள். அதோடு ஒரு புதிய ஏற்பாடும் செய்தாள். இனி தேநீர் பிறகு வராது, முதலில் வரும். மாமி விசாரித்து முடித்த பிறகுதான் நேர்முகம்.

அடுத்து லெட்சுமணனைக் கூப்பிட்டாள். மாத்தளை முத்துமாரியம்மன் தேர் இழுக்கும் மனிதர் அவர். எந்த வாப்பாவின் எந்தச் சாச்சா வழியாகவும் அவர் தனக்கு உறவாக முடியாது என்பதில் நிஷ்மியாவுக்குத் தனித் திருப்தி.

"பிள்ளைகள் எத்தன தம்பி?" என்றார் மாமி, தேநீரை வைத்தபடி.

"ரெண்டுங்கம்மா. ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க."

மாமி அவருடைய முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வெளியே போனார்.

"மகள், ஒன்ட நானா பொறக்கச்சொல்ல ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு தமிழ்ப் பொம்புள. பாவம், அவக்குப் பால் இல்ல. ஒன்ட உம்மாதான் அந்தப் பிள்ளைக்கும் பால் குடுத்த."

"அதுக்கு?"

"அந்தப் பிள்ளைதான் இவரு. அதே மூக்கு. பால்குடி உறவெண்டா மார்க்கத்தில கூடப்பொறந்த நானா மாதிரி."

நிஷ்மியா நேர்மையானவள். அவளுடைய கஷ்டங்களில் பாதி அதனால் வந்ததுதான். கொழும்புக்கே தொலைபேசி எடுத்து, பால்குடி உறவை நிபந்தனை தடுக்குமா என்று கேட்டாள்.

"அப்படி ஒன்று இருக்கிறதா?" என்றார் தனுஷா மறுமுனையில்.

மறுநாள் நிபந்தனை நீண்டு வந்தது. இரத்த உறவு, திருமண உறவு, பால் உறவு, வியாபார உறவு எதுவும் கூடாது. சும்மா கிடந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்ட நிஷ்மியா தலையில் கை வைத்தாள்.

மூன்றாவதாகத் தம்புள்ளையிலிருந்து ஒருவர் வந்தார். நாலு பிள்ளைகளின் தகப்பன். அவருக்குத் தேநீர் ஆறுவதற்கு முன்பே மாமி தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"நம்மட சென்டருக்கு மரக்கறி அனுப்புற லொறி முதலாளிட மகளக் கட்டின மருமகன் இவரு. வியாபார உறவும் கூடாதெண்டு நீதானே சொன்ன?"

போன வாரம் வந்திருந்தால் அந்த மனிதர் தப்பியிருப்பார். நிஷ்மியா அவரைப் படி வரைக்கும் போய் வழியனுப்பினாள். வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

"மாமி, சென்டர மூடத்தான் போறாங்க."

"அல்லாஹ் ஒருத்தர அனுப்புவான்" என்றார் மாமி.

அனுப்பினான். பெயர் றிகாஸ். சொந்த ஊர் புத்தளம், வேலை கண்டியில். தலைமுடி கொஞ்சம் கலைந்திருந்தது, சட்டையில் பேனை மை.

"பிள்ளைகள் எத்தன மகன்?"

"கலியாணமே முடிக்கல்ல மாமி."

"ஏன்?"

"மாமி, தேத்தண்ணி ஆறுது!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள் நிஷ்மியா.

மாமி அன்று நீண்ட நேரம் விசாரித்தார். புத்தளத்தில் எந்தத் தெரு, யார் யாரைக் கட்டினார்கள், யார் எங்கே கடை வைத்திருக்கிறார்கள் எல்லாம் கேட்டு முடித்து, முகம் மலர நிஷ்மியாவிடம் வந்தார்.

"ஒட்டுமில்ல, உறவுமில்ல. ஏழு தலமுறைக்குத் தேடிட்டேன். எடுத்துப் போடு."

நிஷ்மியாவுக்குத்தான் தயக்கம். "பிள்ளை வளத்துப் பழக்கமில்லாதவர். சிறுவர் திட்டத்த இவர் எப்பிடி..."

"அதெல்லாம் ஒரு குறையா மகள்? போகப் போகப் பழகிரும்."

நாவுலைக்குப் போகிற அன்று மாமி இரண்டு சோற்றுப் பார்சல் கட்டி வைத்திருந்தார். கோழிப் பொரியல் வாசனை படியிலேயே வந்தது.

"மாமி, வெளி ஆலோசகருக்கு நாங்க சாப்பாடு குடுக்கக் கூடாது."

"பசியோட எழுதினா அறிக்கை காரமா வரும். கொண்டு போ."

நாவுலை நிலையத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. பரிமளம் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்தார். சோறு சூடாக இருந்தது. தண்ணீர் வடித்துக் கொதிக்க வைத்திருந்தது. றிகாஸ் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே பந்து, மேளம், மர ரயில், பொம்மைகள், எல்லாம் பொலித்தீன் உறை கூடப் பிரிக்காமல் இருந்தன.

"இதெல்லாம் எப்ப வாங்கினது டீச்சர்?"

"போன வருசம் சேர்" என்றார் பரிமளம் டீச்சர் பெருமையாக. "ஒண்ணு கூட ஒடையல!"

"பிள்ளைகள் விளையாடுறதில்லையா?"

"வெளையாண்டா ஒடஞ்சிருமே சேர்! பெரியவங்க பார்க்க வர்றப்ப புதுசா இருக்க வேணாமா?"

நிஷ்மியாவுக்கு முகம் எரிந்தது. அந்த அலுமாரியை அவளும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டியும் இருக்கிறாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டாள். "அத எழுதப் போறீங்களா?"

"எழுதத்தான் வேணும்."

"எழுதினா மூடிருவாங்க."

"எழுதாட்டி அந்தப் பிள்ளைகள் அடுத்த வருசமும் கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மேல் பொல்லாத கோபம் வந்தது. நியாயம் அவர் பக்கம் இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. மாத்தளை வந்து சேரும்வரை கோழிப் பொரியலை இருவரும் தொடவில்லை.

ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தனியாக நாவுலைக்குப் போனாள். பரிமளம் டீச்சரிடம் சாவியை வாங்கித் தன் கையாலேயே அலுமாரியைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் மேளத்தின் ஒரு பக்கம் கிழிந்தது. ரயிலின் சக்கரம் கழன்று ஒரு சிறுமியின் சட்டைப் பைக்குள் போனது. டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நிஷ்மியா அந்த இரைச்சலுக்கு நடுவே நின்று, இத்தனை வருடம் இதைக் கேட்காமலே வேலை செய்தோமே என்று கண் கலங்கினாள்.

அறிக்கை நேரத்துக்குப் போனது. அலுமாரியும் அதில் இருந்தது, திறந்த கதையும் இருந்தது. தனுஷா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இப்போதுதான் நம்பக்கூடிய ஓர் அறிக்கை வந்திருக்கிறது. இன்னும் மூன்று வருடத்துக்கு நடத்துங்கள். கொஞ்சம் விளையாட்டுச் சாமானும் கூட வாங்குங்கள்."

எல்லாம் முடிந்து, ஒப்பந்தமும் தீர்ந்து சில மாதங்கள் கழித்துத்தான் றிகாஸின் உம்மா புத்தளத்திலிருந்து பெண் கேட்டு வந்தார். வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது என்றே எல்லாச் சம்பந்தங்களையும் தட்டிக் கழித்தவள் நிஷ்மியா. இந்தத் தடவை அப்படிச் சொல்ல அவளுக்கு ஒரு வேலையும் ஞாபகம் வரவில்லை. "சரி" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அடுப்படியில் ஸுபைதா மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நிக்காஹுக்குச் சொந்தபந்தங்களை வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டுமல்லவா? புதிதாகக் கண்டுபிடித்த சொந்தங்களை விட்டுவிட்டால் மனக்கசப்பு வரும். நிஷ்மியா முதலில் வறக்காமுறைக்குப் போனாள். இன்ஷாப்பின் உம்மாவிடம், அவருடைய நானா தன் வாப்பாவின் சாச்சாவின் மகளைக் கட்டிய கதையைச் சொன்னாள்.

அந்த உம்மா திகைத்துப் போனார். "எனக்கு நானாவே இல்லையே மகள். நாங்க அஞ்சு பேரும் பொம்புளைங்க."

ஏதோ பிசகு என்று நினைத்துக்கொண்டு லெட்சுமணன் வீட்டுக்குப் போனாள். பால் குடித்த கதையைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் பொறந்தது பதுளையிலங்க மிஸ். மாத்தளைக்கு வந்ததே கல்யாணத்துக்கு அப்புறந்தான். ஆனா கண்டிப்பா வாறேன், சாப்பாடு நல்லா இருக்கும்ல?"

லொறி முதலாளியைத் தெருவிலேயே பிடித்தாள். அவருக்கு மகள் என்று ஒருத்தியே இல்லை. எல்லாம் ஆண் பிள்ளைகள்.

நிஷ்மியா அலுவலகப் படிகளில் தடதடவென்று ஏறி அடுப்படிக்குள் நுழைந்தாள். ஸுபைதா மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மாமி! மூணு பேரும் நமக்குச் சொந்தமே இல்லியாம்! ஆள் கிடைக்காம ரெண்டு சென்டரையும் மூடியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அந்தப் பிள்ளைகள்ட கதி என்ன? நல்ல நல்ல மனிசரையெல்லாம் திருப்பி அனுப்ப வெச்சீங்களே, அவங்கள்ட்ட அப்பிடி என்ன குறையக் கண்டீங்க?"

மாமி துருவலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். நிஷ்மியாவின் கன்னத்தைத் தேங்காய்க் கையாலேயே தடவினார்.

"குறை ஒண்டுமில்ல மகள், தங்கமான மனிசர். ஆனா மூணு பேரும் கலியாணம் முடிச்சவங்க."