டீக்கு வாருங்கள் என்றால் என்ன பொருள்?

பெருமதிப்புக்குரிய அகராதி ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் வடக்கே ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்னல்ட் சக்டன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி எனிடும் சௌக்கியம். மழையும் சௌக்கியமாகப் பெய்துகொண்டிருக்கிறது. தாங்களும், தங்கள் அலுவலகத்தில் 'ஏ' முதல் 'இசட்' வரை பாடுபடும் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் அகராதி எங்கள் வீட்டில் நெடுநாளாக உபயோகத்தில் இருக்கிறது. வேகவைத்த மாட்டு நாக்கை அழுத்திவைக்க அதைவிட நல்ல கனம் எனிடுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

நிற்க. 'டீ' என்ற சொல்லுக்குத் தாங்கள் பொருள் எழுதியிருக்கும் லட்சணத்தால் என் மகளின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது.

மகள் ஹேசல் லண்டனில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அங்கே ஜூலியன் லாங்லி என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தெற்கே கில்ட்ஃபோர்டைச் சேர்ந்தவன். அதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. பையனின் அம்மா, "சனிக்கிழமை நாலு மணிக்கு டீக்கு வாருங்கள்" என்று எங்களை அழைத்தார். எங்கள் பக்கத்தில் மத்தியானம் சாப்பிடுவது டின்னர். வேலை முடிந்து வந்து, கை கழுவி, கத்தியும் முள்கரண்டியுமாக உட்கார்ந்து சாயங்காலம் சாப்பிடுகிற சாப்பாடு டீ. இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனவே ரயிலில் நான் சாண்ட்விச் பொட்டலத்தைத் தேடியபோது எனிட் என் கையைத் தட்டிவிட்டாள். "சம்பந்தி வீட்டுக்கு மொத தடவையா போறோம். வயித்த ரொப்பிக்கிட்டுப் போயி அவங்க ஆக்கி வச்சத தொடாம வந்தா நல்லாவா இருக்கும்? பேசாம உக்காருங்க." பேசாமல் உட்கார்ந்தேன். என் வயிறுதான் பேசிக்கொண்டே வந்தது.

போனால், ஐயா, பூப்போட்ட தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச். ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, தபால்தலை அளவுக்கு. கூடவே மெல்லிசாக நாலு பிஸ்கட். சரி, இது வாய் நனைக்க, பின்னால் சாப்பாடு வரும் என்று கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு காத்திருந்தேன். இருட்ட ஆரம்பித்தது. பையனின் அப்பா லாங்லி எழுந்து நின்று, "நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம்" என்றார். நானும் எழுந்து நின்று, "எங்களுக்கும் சந்தோஷம்தான், அவசரமே இல்ல, நிதானமா சமைக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் உள்ளே போய், "இவங்களுக்கு வீடு வாசல் இருக்கா இல்லையா?" என்று ஜூலியனிடம் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்த ஹேசலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் பொரித்த மீன் வாங்கித் தின்றபோதுதான் எனிடுக்குப் பேச்சே வந்தது. "பாவங்க. வீட்டுல என்ன கஷ்டமோ, வெளிய சொல்லிக்க முடியல."

அந்தக் கஷ்டத்தை மனதில் வைத்து, பதிலுக்கு அவர்களை நாங்கள் டீக்கு அழைத்தோம். எனிட் மேஜையே தெரியாதபடி பரப்பிவிட்டாள். உப்பிட்ட பன்றித் தொடை ஹாம், அந்த நாக்கு, பன்றி இறைச்சியை மாவுக்குள் பொதிந்து சுட்ட 'பை', உருளைக்கிழங்கு, ஊறுகாய் போட்ட பீட்ரூட், டப்பா பீச் பழம், பாலாடைக்கட்டி டார்ட், இஞ்சி கேக். வந்தவர்களோ வழியிலேயே மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்கு ஹோட்டலில் டின்னருக்கும் மேஜை சொல்லிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். "ராத்திரியில டின்னரா? நாங்க அத மத்தியானமே முடிச்சுட்டோமே" என்றாள் எனிட். லாங்லி பாவம், மலையைப் பார்ப்பது போல ஹாமைப் பார்த்து, "எனக்கு ஒரே ஒரு டீ கேக் போதும்" என்றார். கொடுத்தோம். அதைப் பிய்த்துப் பிய்த்து எதையோ தேடினார். "இதுல திராட்சை எங்க?" "டீ கேக்குல எதுக்குங்க திராட்சை? அது வெறும் ரொட்டி." "அப்ப அதுல டீயும் இல்ல, கேக்கும் இல்லயே?" "துடைக்கிற துணிய டீ டவல்னு சொல்றோம், அதுல மட்டும் டீ இருக்கா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாதுதான். வாயில் வந்துவிட்டது.

அவர் குறுக்கெழுத்துப் பைத்தியம். உடனே அகராதி வேண்டுமென்றார். அட்டையில் ஒட்டியிருந்த நாக்குச் சாற்றைத் துடைத்துக் கொடுத்தேன். படிக்கப் படிக்க மனுஷர் எங்களை மறந்துவிட்டார். சீனத்துத் துறைமுகத்தில் 'தே' என்றதைக் கப்பல்காரர்கள் வாங்கிவந்து டீ ஆனதாம். தரைவழியே போனது 'சா' என்று போனதாம். ஒரே இலை, போன வழியில் பேர் மாறிவிட்டது என்று அவருக்குப் பரவசம். பிறகு 'ஹை டீ' என்றால் இறைச்சியோடு கூடிய மாலை உணவு என்று வாசித்தார். "பாத்தீங்களா, இதான் அது" என்றேன். "ஆனா கூப்பிடறப்ப நீங்க ஹைனு சொல்லலயே" என்றார். கடைசியில் வந்ததுதான் வினை: 'டீ, மாலைச் சாப்பாடு, வட்டார வழக்கு.' மிஸஸ் லாங்லி, "ஓ, வட்டார வழக்கு" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். லாங்லி அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். லண்டன் பக்கம் 'தீஃப்' என்பதற்கு எதுகையாகத் திருடனை 'டீ லீஃப்' என்பார்களாம். சம்பந்தியை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஹேசல் போனில், "அப்பா, ஒரு டீய வச்சு என் வாழ்க்கையயே கெடுத்துட்டீங்க" என்று அழுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆகவே அந்த 'வட்டார வழக்கு' என்பதை உடனே நீக்கி, சாப்பாடு என்பதை முதல் பொருளாகப் போட்டு, தங்கள் கையொப்பத்துடன் ஒரு வரி எழுதி அனுப்பக் கோருகிறேன். அதைக் காட்டித்தான் என் பெண்ணின் கல்யாணத்தை நான் நடத்தியாக வேண்டும்.

தங்கள் கெட்டிலில் என்றும் நீர் கொதிக்கவும், தங்கள் மேஜையில் என்றும் ஹாம் இருக்கவும் வாழ்த்தும்,
ஆர்னல்ட் சக்டன்

பி.கு.: உறை ஒட்டும் சமயத்தில் மிஸஸ் லாங்லி போன் செய்தார். அன்றைக்கு ஹோட்டலுக்கு அவர்கள் போகவே இல்லையாம். கிளம்பும்போது எனிட் பொட்டலமாகக் கட்டிக்கொடுத்த அந்தப் பன்றி இறைச்சி 'பை'யை வழியில் காரை நிறுத்தித் தின்றார்களாம். இப்போது லாங்லி தினமும் சாயங்காலம் பீட்ரூட் கேட்கிறாராம். கல்யாணத்துக்கு வசந்தத்தில் நாள் பார்த்தாகிவிட்டது. ஹேசல் சிரித்துச் சிரித்து அழுகிறாள், எனிடும்தான், எனக்கும் கண் கொஞ்சம் கலங்கிற்று. எனவே தாங்கள் எதையும் திருத்த வேண்டாம். திருத்தியிருந்தால் பழையபடியே போட்டுவிடவும். வெள்ளிக்கிழமை எங்களைச் சப்பருக்கு வரச் சொல்லியிருக்கிறார் மிஸஸ் லாங்லி. எங்களுக்கு ஆட்டுத்தொடை வறுவல் பிடிக்குமா என்றும் எதற்கோ கேட்டார், பேச்சுக்குக் கேட்டிருப்பார். சப்பர் என்றால் படுக்கப் போகும் முன் ஒரு கோப்பை கோக்கோவும் ரெண்டு பிஸ்கட்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? இந்தத் தடவை ஏமாற மாட்டோம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறோம்.