கருவேப்பிலையின் மகள்கள்

திருச்சி ஜில்லாவிலேயே அதிகமான பெண் பிள்ளைகளைப் பெற்றவள் கருவேப்பிலைதான். வயிற்றில் சுமந்தது என்னவோ ஒரே ஒரு மகன். அவனும் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள், மகள்கள் மட்டும் நாற்பதுக்குக் குறையாது.

அவள் போய் இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். "அவங்க நெஜப் பேரு என்ன அப்பாயி?" என்று கேட்கிறாள். யாருக்குத் தெரியும்! காந்தி மார்க்கெட்டில் அவள் கருவேப்பிலை விற்றாள், பக்கத்தில் நான் எலுமிச்சம்பழம் விற்றேன். முப்பது வருஷம் அதுவே போதுமாக இருந்தது.

பிரசவத்துக்குத் துணையில்லாமல் ஒருத்தி தவிக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும். "அக்கா, கூடையைப் பாத்துக்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவாள். வாரத்தில் மூன்று நாள் என் கடையில் எலுமிச்சையோடு கருவேப்பிலையும் சேர்ந்து, ரசம் வைக்கத் தேவையானதில் பாதி கிடைத்தது.

"பக்கத்து வீடுன்னு உண்மையச் சொல்லேண்டி" என்பேன்.

"சொன்னா வெளிய பெஞ்சுல உக்கார வச்சிடுறாங்கக்கா. அம்மான்னு சொன்னாத்தான் கதவு தெறக்குது."

ஒரு தடவை பர்தா போட்ட பெண்ணை அழைத்துக்கொண்டு போனாள். இவள் நெற்றியிலோ பளிச்சென்று சிவப்பு நாமம். நர்ஸ் மேலும் கீழும் பார்த்திருக்கிறாள்.

"இது உங்க பொண்ணா?"

"பெத்தது நான் சிஸ்டர். மத்ததெல்லாம் அது இஷ்டம்."

இன்னொரு நாள் பச்சைமலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த ஒருத்தி மாடி வார்டில், எங்கள் தெருக்காரி ஒருத்தி கீழ் வார்டில். இரண்டு பேருக்கும் இவளே அம்மா. இரண்டு பேருக்கும் ஒரே வயசு. "இரட்டைப் பிள்ளையா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமா, அந்தக் கஷ்டத்த ஏன் கேக்குறீங்க!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

இத்தனை பொய்க்கும் அவளிடம் ஒரு பரிகாரம் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து நாங்கள் காலையில் பஸ் பிடிக்கப் போகும்போது, ராஜகோபுரத்தடியில் நின்று பெருமாளுக்கு ஒப்பிப்பாள். அதுவும் ஊரே கேட்கிற குரலில்.

"ரெங்கா, நேத்து ஒரு பொய் சொன்னேன். மூணு கிலோ, ஆம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் சொகமா இருக்கு."

கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான், அடுத்த பொய்க்குத் தயார்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் என்னிடம், "நாளைக்கு வரமாட்டேன்க்கா, முக்கொம்புக்குப் போறேன், காத்து வாங்க" என்றாள். காற்று வாங்கப் போகிற ஜென்மமா அது?

மறுநாள் காலை கடையில் இருந்தேன். அவளுடைய மகள்களில் ஒருத்தி, ஆஸ்பத்திரி வாசலில் இட்லிக் கடை வைத்திருப்பவள், போன் செய்தாள். "அத்தை, நம்ம கருவேப்பிலையம்மா வார்டுல படுத்திருக்கு. வயித்துல கட்டியாம், ஆபரேஷனாம். கூட ஒரு ஆளும் இல்ல. நான் உள்ள போனா, 'ஒன் அடுப்பப் பாருடி'ன்னு வெரட்டுது."

பழத்தை அப்படியே சாக்கால் மூடிவிட்டு ஓடினேன்.

அங்கே போனால் கட்டிலைச் சுற்றி மூன்று ஆம்பிளைகள். ஒருவர் ஆட்டோ டிரைவர், ஒருவர் மருந்துச் சீட்டோடு, ஒருவர் கையில் ஃபிளாஸ்க். மூன்று பேருக்கும் ஏன் வந்தோம் என்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். துணைக்கு யாரும் இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்றிருக்கிறார்கள். இவள் அசராமல், "மகன் வருவான், எழுதிக்கங்க. பேரு ரெங்கநாதன்" என்றிருக்கிறாள். நர்ஸ் அரை மணி நேரம் பார்த்துவிட்டு மைக்கில் கூப்பிட்டுவிட்டாள். நம் ஊரில் ரெங்கநாதனைக் கூப்பிட்டால் மூன்று பேரோடு நின்றதே ஆச்சரியம்.

"இதுல யாரும்மா உங்க மகன்?"

கருவேப்பிலை தலையைத் தூக்கி மூவரையும் பார்த்தாள். "இவங்க அவன் பேர வச்சிக்கிட்டவங்க. அவன் படுத்திருக்கான் சிஸ்டர். எந்திரிச்சு வரக் கொஞ்சம் நேரமாகும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ஏண்டி, ஊருக்கெல்லாம் தொணை போவ, ஒனக்கு நான் வரக்கூடாதா?"

"ஒனக்கும் யாவாரம் கெட்டுப்போகும்ல" என்றவள் என் கையைப் பிடித்தாள். "பயமா இருக்குக்கா. பக்கத்துல நின்னுக்கிட்டு, பயப்படாதன்னு ஆயிரம் பேருக்குச் சொல்லிட்டேன். படுத்துப் பாத்தாத்தான் தெரியுது."

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரு? பக்கத்துக் கடைன்னா வெளிய இருங்க. நெருங்கின சொந்தம்தான் வேணும்."

நான் அவளைவிட இரண்டு வயது மூத்தவள். முன்பல் இரண்டும் இல்லை. தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது.

"மக" என்றேன்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த என் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு அந்த அம்மாவைப் பல வருஷமாகத் தெரியும். சீட்டில் எழுதிவிட்டு, மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். நான் கட்டை விரலை அழுத்தி வைத்தேன்.

மறுநாள் காலையில் இட்லிக் கடைக்காரியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் நேராகக் கோபுரத்தடிக்குத்தான் போனது.

"ரெங்கா, நேத்து நானும் ஒரு பொய் சொன்னேன். நாப்பது கிலோ இருப்பா. கண்ணு முழிச்சுட்டா."