ஹார்முஸ் திறந்ததற்கு நான் போட்ட இரண்டு மொட்டைகள்

பொன்னி, முத்து, ஒரே வேண்டுதலுக்கு உங்கள் அப்பா ஏன் இரண்டு மொட்டை போட்டார் என்று கோட்டையூரே கேட்கிறது. அம்மா சொல்கிற கதையில் நான் முட்டாளாக வருகிறேன். நான் எழுதினாலும் அப்படித்தான் வருவேன், கொஞ்சம் அழகான முட்டாளாக.

சண்டையில் ஹார்முஸ் ஜலசந்தி அடைபட்டபோது, உங்கள் சேது மாமா வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் உள்ளே மாட்டிக்கொண்டது. (ஜலசந்தி என்றால் இரண்டு கடலுக்கு நடுவே இருக்கும் ஒடுக்கமான வழி. எனக்கும் அப்போதுதான் தெரியும்.) அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. குன்றக்குடி முருகனிடம் வேண்டிக்கொண்டாள்.

"என் தம்பி கப்பல் நல்லபடியா தாண்டி வந்துட்டா, இவுக முடி உனக்கு முருகா!"

தம்பி அவளுடைய தம்பி, வேண்டுதல் அவளுடைய வேண்டுதல், முடி மட்டும் என்னுடையது. வெல்டிங் பட்டறையில் பொறி பறக்கும்போதெல்லாம் துண்டைக் கட்டிக் காப்பாற்றிய முடி அது.

ஒருநாள் காலை டிவியில் பெரிய எழுத்தில் ஓடியது: ஜலசந்தி திறப்பு. நான் துள்ளி எழுந்தேன்.

"தம்பி போன் பண்ணட்டும்ங்க. எதுக்கு இம்புட்டு அவசரப்படுறீக?" என்றாள் அம்மா.

"டிவியே சொல்லிருச்சு. உன் தம்பி புதுசா என்ன சொல்லப் போறான்? கெளம்பு!"

நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு குன்றக்குடிக்குப் போய் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு மலையேறிக் கும்பிட்டு இறங்கினேன். அடிவாரத்தில் நிற்கும்போது மாமாவிடமிருந்து வீடியோ கால். பெருமையாகத் தலையைக் காட்டினேன்.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தான்! வீட்டுல யாரு போனது? மறைக்காமச் சொல்லுங்க!"

"யாரும் போகல மாப்ள. உனக்காகத்தான் போட்டேன்!"

"எனக்கா? நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன்!"

பக்கத்தில் பூ விற்ற அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் விடாமல், "அதான் தொறந்தாச்சே, வர வேண்டியதுதானே?" என்றேன்.

"அத்தான், நீங்க பட்டறையில இரும்புக் கேட்டு செய்யுற ஆளு. ஒரு வீட்டுக் கேட்டு தொறந்து கெடக்கு, உள்ள கடிநாய் திரியுதுன்னா நீங்க போவீகளா? தொறந்துட்டோம்னு சொல்றாக. ஒரு கப்பலும் அசையல. முதல்ல இன்னொருத்தன் போகட்டும்னு ஒவ்வொரு கேப்டனும் பாத்துக்கிட்டு நிக்கிறாக."

அம்மா என் மொட்டையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், அழுதாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

டிவி அதற்குப் பிறகும் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. நான் நம்பவில்லை. தலையில் முள்முள்ளாக முடி முளைக்கத் தொடங்கியபோது, மாமாவிடமிருந்தே குரல் செய்தி வந்தது. "அக்கா, தாண்டிட்டோம். இனி நிம்மதியா சாப்புடு."

முதலில் துணிந்து கிளம்பிய சில கப்பல்களில் மாமாவின் கப்பலும் ஒன்று. வழியெல்லாம் என்ஜின் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது என்று, கரை தெரியாத அடித்தட்டில், அந்தச் சூட்டில் நின்றவன் உங்கள் மாமா. இதை யாரிடம் வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள்.

இப்போது நம் வீட்டில் கரண்டு வந்துவிட்டது என்று யார் சொன்னாலும், "நெசமா வந்துருச்சா, இல்ல உங்க அப்பாவுக்கு ஜலசந்தி தொறந்த மாதிரியா?" என்றுதான் அம்மா கேட்கிறாள். கேட்கட்டும்.

"முன்னாடி போட்டதையே முருகன் கணக்குல வச்சுக்குவான், விடுங்க" என்றுகூட அந்தக் குரல் செய்தி வந்த அன்று சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தாண்டி வந்தால் என்பதுதானே பேச்சு? மறுநாள் தனியாகக் குன்றக்குடிக்கு டவுன் பஸ் ஏறினேன்.

மொட்டை போடுகிறவர் என் தலையைத் தடவிப் பார்த்து, "இதுல எடுக்க என்ன அண்ணே இருக்கு?" என்றார்.

"இருக்கிறத எடுங்க."

இதுவரை எல்லாருக்கும் தெரியும். இனி எழுதுவது அம்மாவுக்கும் தெரியாது. சந்தனம் பூசி மலையேறினேன். முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மாமாவின் கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக மேற்கே திரும்பி, வெயிலில் சுடுகிற தலையோடு, உங்கள் மாமாவுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.