பப்ளோ தீக்கா

குழித்துறையில் ஜிஷா வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. காரணம், அவள் மகன் அபின். வயசு இரண்டரை. தமிழில் ஒரு சொல் வராது. ஆனால் வாயைத் திறந்தால், "பப்ளோ தீக்கா!" இது தேவபாஷை என்று கண்டுபிடித்தவர் பாஷையானந்தர். அவர் சொன்னதும் இரண்டு டிகிரி வாங்கியவர்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதுவரை தெருவில் வேறு சண்டை. டிவி பார்த்தால் பிள்ளைக்கு அறிவு வளரும் என்று ஒரு கட்சி; கண் போய்விடும் என்று ஒரு கட்சி. சாமி வந்தார், இரண்டு கட்சியும் தட்டோடு வரிசையில் நின்றன.

சாமியின் கட்டளை ஒன்றுதான். "பிள்ளைகிட்ட யாரும் தமிழ் பேசப்பிடாது. பேசினா தேவபாஷை ஓடிப்போயிரும். டிவியப் போட்டுக் கதவச் சாத்து."

ஜிஷா சாத்தினாள். சாத்திவிட்டு அடுக்களையில் நின்று அழுதாள். ஊருக்கெல்லாம் வாக்குச் சொல்கிற பிள்ளை தன்னை ஒரு தடவை "அம்மா" என்று கூப்பிடாதா என்று அவளுக்கு ஏக்கம்.

அஞ்சுகிராமத்திலிருந்து அக்கா பிரீனா வந்தாள்.

"ஏட்டி, டாக்டர்ட்ட காட்டினியா?"

"சாமி வேண்டாம்னுட்டாரு அக்கா."

"உள்ள இருந்து என்னத்தப் பாக்கான்?"

"யாரு கண்டா? ஒண்ணு முடிஞ்சா அடுத்தத டிவியே போடுது."

பிரீனா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு பிள்ளையோடு, சாமியும் கூட்டமும் இருந்த கூடத்துக்கு வந்தாள்.

"பப்ளோ தீக்கா!" என்றான் அபின்.

"மகளுக்குத் தை மாசம் கல்யாணம்" என்று முன்னால் உட்கார்ந்திருந்த வைகுண்டராஜனுக்குப் பொருள் சொன்னார் சாமி. அடுத்த ஆளுக்கும் அதே பப்ளோ தீக்கா. "வாழை நல்லா குலை தள்ளும்."

"ஒரே சொல்லுக்கு ரெண்டு பொருளா சாமி?" என்று கேட்டாள் பிரீனா.

"தேவபாஷை கடல் மாதிரி, மகளே."

"அப்போ இதுக்கும் பொருள் சொல்லும்."

அறைக் கதவைத் தள்ளி ரிமோட்டை அமுக்கினாள் பிரீனா. எந்த நாட்டுக் கார்ட்டூனோ, தொப்பி போட்ட ஒரு வாத்து திரையில் குதித்தது. "பப்ளோ தீக்கா! பப்ளோ தீக்கா!" அபின் கைதட்டிக் கூடவே கத்தினான்.

"வாத்துக்கு எந்த மாசம் கல்யாணம், சாமி?"

கடல் வற்றிவிட்டது. "ஓய், காணிக்கையத் திருப்பித் தாரும்!" என்று வைகுண்டராஜன் எழுந்தார். அதற்குள் சாமி பின்வாசலைத் தாண்டியிருந்தார். கூட்டத்தில் ஒருத்தி மட்டும் டிவிக்குக் கற்பூரம் காட்டத் தீப்பெட்டி தேடினாள்.

ஜிஷா டிவியை நிறுத்தினாள். பிள்ளையை வாரி மடியில் போட்டு, "மக்கா, அம்மாவப் பாரு மக்கா. நான் பேசுதேன், கேளு" என்று அழுதுகொண்டே பேச ஆரம்பித்தாள். டாக்டரிடம் போக பிரீனா ஆட்டோ பிடிக்கப் போனாள்.

அபினுக்குப் பேச்சு வந்துவிடும், இரண்டரை வயசுதானே. வரிசையில் நின்று கும்பிட்டவர்களுக்கு யோசனை எப்போது வரும்? அவர்களுக்கு வயசாகிவிட்டதே!