கணக்கெடுப்பு நாள் ஏழை

எங்கள் மாத்தளைப் பக்கத்தில் மிளகுக்கும் கொக்கோவுக்கும் அடுத்தபடியாக அமோகமாக விளைகிற இனம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கணக்கெடுப்பு நாள் ஏழை. வருடம் முழுவதும் அவர் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். நிவாரணப் பட்டியலுக்கு வீடு வீடாக வருகிறார்கள் என்று தெரிந்த காலையில் மட்டும் பத்து மணிக்குள் பரம ஏழையாகிவிடுவார்.

பலாபத்வலைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் அன்ஸாபைப் பாருங்கள். அன்று காலை டீவியைக் கழற்றி, சோபாவை அப்புறப்படுத்தி, டைல்ஸ் தரைமேல் பழைய பாயை விரித்து, மனைவியின் காப்பை அரிசி வாளிக்குள் இறக்கி, கிழிந்த சாரத்தைத் தேடி, அது கிடைக்காமல் நல்ல சாரமொன்றைக் கிழித்து உடுத்துவார். வறுமைக்குக் காரணம் கேட்டால் வாய் ஓயாது. குரங்கு தேங்காயைத் தின்கிறது, பன்றி கிழங்கைத் தோண்டுகிறது, மழை பூவை உதிர்க்கிறது, உரம் ஆனை விலை, வியாபாரி கள்ளன். இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை.

பிரிட்ஜை எங்கே ஒளிப்பது? பக்கத்து வீட்டில் மஸூதா இருக்கிறார். ஊருக்கே ராத்தா, அதாவது அக்கா. தனியாள். அயலவர் தோட்டங்களில் கூலிக்கு மிளகு பறிப்பவர். பில் கட்டாததால் வீட்டுக் கரண்டை வெட்டி எட்டு மாதம். சாமான் எதுவும் இல்லாததால் வீட்டில் இடம் தாராளம்.

"ராத்தா, ஒரு மணித்தியாலத்துக்கு வெச்சிக்கிறீங்களா?"

"வைங்க தம்பி, சும்மாதானே கெடக்கு."

இதே மூளை இன்னும் மூன்று வீட்டாருக்கும் வேலை செய்திருந்தது.

கணக்கெடுக்க வந்த அனுஷியா மிஸ் மஸூதாவின் கதவைத் தள்ளினார். நான்கு பிரிட்ஜ், ஐந்து டீவி, ஒரு வாஷிங் மெஷின். நடுவில் உட்கார இடமில்லாமல் மஸூதா நின்றுகொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாரோடதுங்க?"

மஸூதா வேலியைப் பார்த்தார். அந்தப் பக்கம் நான்கு கிழிந்த சாரங்கள். நாளைக்கு வேலை தரவேண்டியவர்கள். "என்னோடது மிஸ்" என்று அன்ஸாப் ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னாரா? குரங்கு வருகிறதா என்று தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்டதான் இருக்கு, மிஸ்."

கரண்ட் இல்லாத வீட்டில் நான்கு பிரிட்ஜ் எதற்கு என்ற கேள்வி மிஸ்ஸின் போனிலிருந்த படிவத்தில் இல்லை. எத்தனை என்பது மட்டும் இருந்தது. தட்டினார். ஊரிலேயே பெரிய பணக்காரி மஸூதா, நிவாரணம் கிடையாது என்று போன் சொல்லிவிட்டது. அன்ஸாப் தேறிவிட்டார்.

பின்னேரம் பிரிட்ஜை எடுக்க வந்த அன்ஸாப் உச்சுக் கொட்டினார்: "பாத்தீங்களா ராத்தா, இந்த நாட்டுல ஏழைக்கு நியாயமே இல்ல!"

மஸூதா பிரிட்ஜின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

சே, இப்படியும் மனிதரா என்கிறீர்களா? நல்லது. உங்கள் ஊருக்கும் கணக்கெடுக்க வரத்தான் போகிறார்கள். எதைத் தூக்கி யார் வீட்டில் வைக்கலாம் என்று உங்கள் கண் இந்நேரம் அறையை ஒருமுறை சுற்றி வந்திருக்குமே?