மனதுக்கு ஒரு மணித்தியாலம்

"நான் ஒரு மைல் ஓடப் போறன்" என்று இரத்தினசிங்கம் அறிவித்தபோது சிவக்கொழுந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஆர் துரத்திறது?"

"ஒருத்தரும் துரத்தேல்லை. கந்தோர் விளையாட்டுப் போட்டி. இன்னும் ரெண்டு மாதம் இருக்கு."

"ஓ" என்று அவள் மற்றப் பாதித் தேங்காயை எடுத்தாள்.

அது மன்னருக்கு முடிசூட்டிய ஆண்டு. கோட்டையில் இருந்த எல்லாக் கந்தோர்களுக்கும் அந்த ஆண்டு விளையாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆகவே நாற்பத்திரண்டு வயதான ஒரு தலைமை எழுத்தர், பதினைந்து வருடம் ஒரே நாற்காலியில் இருந்து வளர்த்த வயிற்றோடு, ஓடப் போகிறேன் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட இடமில்லை. இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

ஓடும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது மூன்று ஒழுங்கை தள்ளிச் சிவபாலன் வீட்டு விறாந்தையில் இருந்த நாலாவது நாற்காலி. சிவபாலன் ஆசிரியர், சிவக்கொழுந்துக்குச் சின்னம்மா மகன், அண்ணன் முறை. அவர், அவர் மனைவி சரோஜினிதேவி, அவளுடைய தம்பி சின்னராசா, இரத்தினசிங்கம் என்று நாலு பேர். மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏழரை வரை முந்நூற்றி நாலு. அந்தக் கடுதாசிச் சீட்டு விளையாட்டு மூன்று பேருக்குச் சரிவராது. நாலாவது கை வேண்டும்.

தடை வந்தது தைப்பொங்கலன்று. சிவக்கொழுந்தின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களை முன்னறையில் இருத்திவிட்டு, "அஞ்சு நிமிசம், பால் வாங்கிக்கொண்டு வாறன்" என்று போனவர் இரண்டரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார். பாலும் வாங்கவில்லை. அன்று சிவக்கொழுந்து சத்தம் போடவில்லை. "நீங்கள் இனிக் கடுதாசி தொடப்படாது" என்று மட்டும் சொன்னாள். அவர் தொட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. விரல்கள் கந்தோர்க் கோப்புகளைக் கூட விசிறி மாதிரி விரிக்கத் தொடங்கின.

புறக்கோட்டைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அவர் மேசையில் வைத்தார். ஓட்டக்காரனின் உடலையும் உள்ளத்தையும் பக்குவப்படுத்துவது எப்படி என்பது அதன் பொருள். முதல் அத்தியாயத்தை மட்டும் படித்திருந்தார். அது போதும்.

"ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் வேணும். உடம்புக்கு ஒண்டு, மனதுக்கு ஒண்டு."

"மனதுக்கு என்ன செய்யிறது?"

"ஒரு இடத்திலை இருந்து, கண்ணை மூடி, ஓடுறமாதிரி நினைக்கிறது."

"அதை இஞ்சை இருந்து நினைக்கேலாதோ?"

"கடற்கரைக் காத்து வேணும்."

மறுநாள் முதல் அரைக் காற்சட்டையும் கான்வாஸ் சப்பாத்துமாகப் புறப்பட்டார். வாசலில் நின்று பார்த்தால் தெரியும் தூரம் வரை கடலை நோக்கி ஓடுவார். பிறகு ரயில் பாதையோரம் திரும்பி, மூச்சு வாங்காதபடி மெல்ல நடந்து, சிவபாலன் வீட்டுப் பின்பக்கத்தால் ஏறுவார். ஏழரைக்குக் குழாயடியில் முகத்திலும் பெனியனிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீடு திரும்புவார்.

"இண்டைக்கு நல்லா வேர்த்திருக்கு" என்பாள் அவள்.

"உடம்புப் பயிற்சி நாள்."

தெளிக்க மறந்த நாள், மனப் பயிற்சி நாள்.

பத்து நாள் இப்படிப் போனது. சிவபாலன் வீட்டில் ஒரு வழக்கம்: ஆட்டம் தோற்றால் தோற்றவர்களின் காதில் மாணவர் கொப்பியில் கிழித்த கடுதாசித் துண்டைச் சுருட்டிக் கடுக்கனாக மாட்டிவிடுவார்கள். அடுத்த ஆட்டம் வென்றால்தான் கழற்றலாம். பதினோராம் நாள் கடைசி ஆட்டத்தில் இரத்தினசிங்கம் தோற்றார். ரயில் சத்தம் கேட்டதும் நேரமாகிவிட்டதென்று எழுந்து ஓடி வந்தார். உண்மையாகவே ஓடினார். வேர்வையும் உண்மையானது. வாசலில் சிவக்கொழுந்து அவரையே பார்த்தாள்.

"காதிலை என்ன?"

கை மேலே போனது. வலது காதில் அது இருந்தது.

"காத்து. கடற்காத்து காதுக்குள்ளை போகாமல் அடைச்சனான். புத்தகத்திலை இருக்கு."

"ஒரு காதுக்கு மட்டுமோ?"

"கடல் ஒரு பக்கந்தானே இருக்கு."

"திரும்பி வரேக்கை மற்றப் பக்கமெல்லோ வரும்?"

இரத்தினசிங்கம் யோசித்தார். "திரும்பி வரேக்கை காத்து விழுந்திட்டுது."

"ஓம்" என்றாள் அவள். கடுக்கனை மெல்லக் கழற்றி விரித்தாள். பின்னக் கணக்கு ஒன்று. குறுக்கே சிவப்பு மையில் ஒரு பெரிய பிழைக் குறி. "வெளியிலை கண்ட கண்ட கடுதாசியளைக் காதுக்குள்ளை வையாதேங்கோ. ஊத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தப்பினோம் என்று இரத்தினசிங்கம் குளிக்கப் போனார்.

மறுநாள் அவள் புத்தகத்தைக் கேட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவள். இரண்டு நாளில் கடைசிப் பக்கம் வரை போய்விட்டாள். மூன்றாம் நாள் காலையில் பிட்டு வரவில்லை. ஓட்ஸ் கஞ்சியும் பச்சை முட்டை இரண்டும் வந்தன.

"இது என்ன?"

"நாலாம் அத்தியாயம்."

சுருட்டு ஐந்தாம் அத்தியாயத்தில் போனது. இரவுச் சோறு ஆறில். இரத்தினசிங்கம் பொறுத்துக்கொண்டார். ஐந்தரைக்கு நாற்காலி காத்திருக்கிறது என்ற எண்ணம் எந்தக் கஞ்சியையும் விழுங்க வைத்தது.

திங்கட்கிழமை கந்தோரில் அவர் மேசைக்கு முன்னால் அலவி வந்து நின்றான். இளம் எழுத்தன், விளையாட்டுச் சங்கச் செயலாளன், கிராண்ட்பாஸில் ஒரு கழகத்துக்காக ஓடிக் கிண்ணங்கள் வாங்கியவன்.

"சேர், ஒங்கட வீட்ட இருந்து காயிதம் வந்திச்சி. எனக்குச் சரியான சந்தோசம்."

"என்ன காயிதம்?"

"மிஸிஸ் எழுதியிருக்காங்க. நீங்க தனிய பழகிறீங்களாம், பேர் குடுக்க வெக்கப்படுறீங்களாம். பேர நானே போட்டுட்டன். பழக்கிறதுக்கு ஆளில்லாட்டி ஒடம்புக்குக் கூடாதாம், பொஸ்தகத்தில இருக்காம். இண்டைக்கு அஞ்சரைக்கு வாறன் சேர். விசிலும் இருக்கு."

வந்தான். சைக்கிளில், கழுத்தில் விசிலோடு. முதல் நாள் தெகிவளைப் பாலத்துக்குப் போகும் பாதி வழியில் இரத்தினசிங்கம் ஒரு கள்ளுத் தவறணைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள் அந்தச் சுவரைத் தாண்டினார். எப்போதாவது சிவபாலன் வீட்டு ஒழுங்கைப் பக்கம் கால் தானாகத் திரும்பும். விசில் ஊதும்.

மனப் பயிற்சியையும் அலவி விடவில்லை. கடற்கரை மணலில் அவரை இருத்தி, "கண்ண மூடுங்க சேர். ஓட்டத்தப் பாருங்க. என்ன தெரியுது?" என்பான்.

"முன்னாலை ஒரு ஆள் தெரியுது." சிவபாலன்தான். கையில் கடுதாசிகளை மார்போடு அணைத்தபடி இருந்தார்.

"என்ன செய்றார்?"

"சிரிக்கிறார்."

"அவர முந்துங்க."

"எப்படி முந்துறது? துரும்புக் கடுதாசி அவரிட்டை இருக்கு."

அலவிக்கு விளங்கவில்லை. களைப்பு என்று எண்ணி வீட்டுக்குக் கூட்டிப் போனான். அந்த நேரங்களில் சிவக்கொழுந்து வீட்டில் இருப்பதில்லை. "நீங்கள் ஓடுற நேரத்திலை கோயிலுக்குப் போட்டு வாறன்" என்றிருந்தாள். கணவனுக்காகக் கும்பிடுகிறாள் என்று அவருக்குக் கொஞ்சம் இரக்கமாகக் கூட இருந்தது.

அவருடைய பயமெல்லாம் நாற்காலியைப் பற்றியது. ஒரு நாள் கோட்டை ரயிலில் சின்னராசாவைப் பிடித்தார்.

"என்ர இடத்தைக் குடுத்துப் போடாதேங்கோ. போட்டி முடிய வந்திடுவன்."

"பயப்படாதேங்கோ அத்தான். இப்போதைக்கு ஒரு கை பிடிச்சிருக்கிறம்."

"எப்பிடிக் கை?"

சின்னராசா யன்னலுக்கு வெளியே பார்த்தான். "நல்ல கை."

அது அவரை வருத்தியது. எவனோ ஒருவன். ஒரே வழி, போட்டியில் படுதோல்வி அடைவது. கடைசியாக வந்தால் அலவிக்கு அலுத்துவிடும், விசில் நிற்கும், கஞ்சி நிற்கும். முதல் சுற்று எல்லாரோடும், இரண்டாம் சுற்றில் பின்னடைவு, மூன்றாம் சுற்றில் தொடைப் பிடிப்பு என்று திட்டம் போட்டார். புத்தகம் சொன்னபடியே கண்ணை மூடி, தோற்பதை நாலைந்து நாள் மனதில் பழகியும் பார்த்தார்.

போட்டியன்று ஒன்பது பேர் ஓடினார்கள். முதல் சுற்று திட்டப்படி நடந்தது. இரண்டாம் சுற்றில் பின்னடைந்தார். பார்வையாளர் கூடாரத்தைக் கடக்கும்போது, முன்னால் ஓடிய கணக்குப் பகுதிப் பொடியன் ஒருவன் திரும்பி, "பெரியவருக்கு ஒரு கதிரை கொண்டுவாங்கோ" என்றான். கூடாரம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு சிரிப்பை இரத்தினசிங்கத்துக்குத் தெரியும். பதினாலு வருடமாக அதனோடு குடும்பம் நடத்துகிறார்.

திட்டம் அவரைவிட்டுப் போனது. ஆறு கிழமைக் கஞ்சி கால்களுக்குள் இருந்தது. மூன்றாம் சுற்றில் நாலு பேரைத் தாண்டினார். நாலாம் சுற்றில் மிச்சப் பேரையும் கடைசியாக அந்தப் பொடியனையும் தாண்டி, ஐந்து யார் தூரம் முன்னால் கயிற்றை அறுத்தார். அலவி அழுதான். ஒரு படிவத்தை நீட்டி, "எல்லாக் கந்தோர்ப் போட்டி, சேர். ஒரு கையெழுத்து" என்றான்.

"பாப்பம், பாப்பம்" என்று இரத்தினசிங்கம் நழுவினார். வென்றவன் ஓய்வெடுக்கலாம். தோற்பதைவிட இது நல்ல வழி என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. வீட்டில் அன்று சோறும் மீன் குழம்பும் வந்தன. "இனி ஆறுதலா இருங்கோ" என்று சிவக்கொழுந்து இன்னொரு துண்டு வைத்தாள்.

மறுநாள் மாலை அவள் கோயிலுக்குப் போனதும் வேட்டி உடுத்து, சால்வை போட்டு, வெள்ளிக் கிண்ணத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒளிக்காமல் மறைக்காமல் முன்பக்கத்தாலேயே சிவபாலன் வீட்டுக்குப் போனார். புதிய கை எவனாக இருந்தாலும் மரியாதையாக எழுப்பிவிடலாம்.

விறாந்தையில் நாலு பேர் இருந்தார்கள். நாலாவது நாற்காலியில் சிவக்கொழுந்து நிமிர்ந்து இருந்து கடுதாசிகளை விரித்தாள்.

"சத்தம் போடாதையும்" என்றார் சிவபாலன். "தங்கச்சி பெரிய கேள்வி கேட்டு ஆட்டத்தை எடுத்திருக்கிறா."

இரத்தினசிங்கம் கிண்ணத்தோடு நின்றார். "கடுதாசி தொடப்படாதெண்டு சொன்னீர்?"

"உங்களைச் சொன்னனான்" என்றாள், கண்ணெடுக்காமல். "நீங்கள் வராமல் விட அண்ணையாக்கள் மூண்டு பேரா என்ன செய்யிறது?"

"இனி வருவன். போட்டி முடிஞ்சுதெல்லே."

"அலவி நேற்றைக்கு என்னட்டையும் ஒரு படிவம் தந்தவர். உங்களுக்காக நான் கையெழுத்து வைச்சிட்டன். மூண்டு மாதம் பழக வேணும்." அவள் ஒரு துரும்பை வைத்தாள். "இப்ப மணி அஞ்சரை. அந்தப் பிள்ளை வாசலிலை நிக்கும்."

மூன்று ஒழுங்கைகளையும் இரத்தினசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வாசலில் சைக்கிளோடு நின்ற அலவி அவரைக் கண்டு முகம் மலர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான்.

"நான் வர முந்தியே தொடங்கிட்டீங்களா சேர்."